தொடக்கக்காலம் யாருக்குப் பாத்தியம்? கால்பந்து ரசிகர்களின் நினைவும் கிளப்புகளின் வரலாறும்

கால்பந்து கிளப் ஒன்று வேரூன்றிய ஊரில் ரசிகர்கள் கூடினால், பேச்சு நேற்றைய ஆட்டத்தில் தொடங்கி, அவர்களில் யாருமே பார்த்திராத ஒரு காலத்துக்குப் போய்ச் சேரும். கிளப்பைத் தொடங்கியவர்கள் யார், முதல் ஆட்டம் எந்தத் திடலில் நடந்தது, முதல் சட்டை என்ன நிறம், முதல் கோப்பையை வென்ற பதினொரு பேர் யார் யார் என்று கொள்ளுத்தாத்தா காலத்துச் சங்கதிகளைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்வார்கள். இந்தப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு நிலைப்பாடுகள் உண்டு. பழங்கதை பேசி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள், இதில் வரலாறு தேட ஒன்றுமில்லை என்பது ஒன்று. 1983-ல் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த நூல், பழமையானவை என்று நாம் நம்பும் பல மரபுகள் அண்மையில் உண்டாக்கப்பட்டவை என்று காட்டியபின் இந்த நிலைப்பாட்டுக்கு வலுக் கூடியது. அதிகாரிகளும் முதலாளிகளும் எழுதி வைக்காத மக்கள் வரலாறு இங்கேதான் உயிரோடு இருக்கிறது, அதை அப்படியே ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே ரசிகர் நினைவின் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டவை என்பது இக்கட்டுரையின் வாதம். ரசிகருக்குக் கிளப்பில் பங்கு இல்லை, நிர்வாகத்தில் ஓட்டு இல்லை. பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதவனுக்கு இருக்கும் அனுபவ பாத்தியதை மட்டுமே அவருக்கு உண்டு. தொடக்கக்காலத்தைப் பற்றிய பேச்சு அந்தப் பாத்தியதையை நிலைநாட்டும் சாட்சியம். சாட்சியம் எடுபட வேண்டுமானால் அது உண்மையாக இருந்தாக வேண்டும்.

இதைச் சோதிக்கக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான களம் இல்லை. 1889 ஆகஸ்ட் 15 அன்று வடகல்கத்தாவில் தொடங்கப்பட்ட மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷையர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. அதற்கு முன் செயின்ட் சேவியர்ஸ், ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட் அணிகளையும், அரையிறுதியில் ஒருமுறை சமனாகி மறுபடி ஆடி மிடில்செக்ஸ் படைப்பிரிவையும் தோற்கடித்திருந்தது. இறுதி ஆட்டத்தில் ஜாக்சன் அடித்த கோலால் ராணுவ அணி முந்தியது. அணித்தலைவர் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றி கோலை அடித்தார். பத்துப் பேர் வெறுங்கால். பாதிரியாரான சுதிர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ். ஆட்டத்துக்காகச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. திடலைச் சூழ்ந்த கூட்டம் அறுபதாயிரத்துக்கும் மேல் என்பது அன்றைய மதிப்பீடு. பெரும்பாலோர் நின்ற இடத்திலிருந்து பந்தைப் பார்த்திருக்க வழியில்லை. கோல் விழுந்த செய்தியைப் பட்டம் பறக்கவிட்டுத்தான் கூட்டத்தின் கடைசி வரிசைவரை அறிவித்தார்கள். இவை பத்திரிகைச் செய்திகளாலும் ஆவணங்களாலும் உறுதிப்பட்டவை. முதல் ஷீல்டை வென்ற அந்தப் பதினொருவரை வங்காளத்தில் ‘அமர ஏகாதஷ்’, அதாவது அழியாப் பதினொருவர் என்கிறார்கள். ஹிராலால் முகர்ஜியில் தொடங்கி ஷிப்தாஸ் வரை அவர்கள் பெயரை வரிசை மாறாமல் ஒப்பிக்கும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜூலை 29 அவர்களுக்கு மோகன் பகான் நாள்.

இந்த வெற்றியைச் சுற்றி இரண்டு கதைகள் வளர்ந்தன. ஆட்டம் முடிந்து வெளியே வந்த வீரரிடம் பெரியவர் ஒருவர் வில்லியம் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பகான் அடுத்த முறை ஷீல்டு வெல்லும்போது என்று பதில் வந்ததாம். அடுத்த முறை வென்றது 1947-ல். மற்றொரு கதை, இந்தத் தோல்வியால் அரண்டுபோன ஆட்சி தலைநகரையே தில்லிக்கு மாற்றியது என்கிறது. இரண்டையும் ஆண்டுக்கணக்கை வைத்துச் சரிபார்க்கலாம். தலைநகரை மாற்றும் யோசனை 1911 ஜூன் மாதத்திலேயே, அதாவது மோகன் பகான் ஷீல்டு வெல்வதற்கு முன்பே, வைஸ்ராய் ஹார்டிஞ்சின் நிர்வாகத்துக்குள் குறிப்பாக எழுதப்பட்டுவிட்டது; ஆகஸ்ட் 25 அன்று அது லண்டனுக்கு முறையான கடிதமாகப் போனது; டிசம்பர் 12 தில்லி தர்பாரில் அறிவிப்பாக வந்தது. வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சியின் நெருக்கடி அதற்குக் காரணமாக இருந்ததே தவிர, ஒரு கோப்பை காரணமாக இருக்க முடியாது. கொடிக் கதையும் அப்படித்தான். 1923-லும் 1940-லும் மோகன் பகான் ஷீல்டு இறுதிவரை போய்த் தோற்றது. அந்த இரண்டில் ஒன்றை வென்றிருந்தால் இப்படியொரு கதையே பிறந்திருக்காது. 1947-க்குப் பிறகு, விடுதலையும் ஷீல்டும் ஒரே ஆண்டில் கைகூடியதைப் பார்த்த தலைமுறை பின்னோக்கிப் புனைந்த தீர்க்கதரிசனம் அது.

இதைச் சொல்லிவிட்டு ரசிகரைப் பொய்யர் என்று ஒதுக்குவதுதான் முதல் நிலைப்பாட்டுக்காரர்கள் செய்யும் அவசரம். பிழை எந்தத் திசையில் சாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கோல் கணக்கில் பிழை இல்லை. ஆடியவர்களின் பெயர்களில் பிழை இல்லை. எதிரணியின் பெயரிலும் தேதியிலும் பிழை இல்லை. வெற்றிக்கு என்ன பொருள் என்ற இடத்தில் மட்டுமே நினைவு மிகைப்படுத்தியது. அதற்குக் காரணமும் கிளப்பின் பிற்காலக் கணக்கிலேயே இருக்கிறது. 1911-க்குப் பிறகு மோகன் பகான் நெடுங்காலம் பெரிதாக எதையும் வெல்லவில்லை. கல்கத்தா லீகை முதன்முதலாக வென்றது 1939-ல்தான். இருபத்தெட்டு ஆண்டுகள் வெறும் நம்பிக்கையோடு திடலுக்கு வந்துபோன கூட்டத்தைக் கட்டிப்போட்டு வைத்தது, ஒரு மாலை நேரத்தில் நடந்து முடிந்துவிட்ட ஓர் ஆட்டத்தின் நினைவு. கோப்பை வராத ஆண்டுகளில் அந்த நினைவுதான் கிளப்பாக இருந்தது என்றால் மிகையல்ல. கிளப்பைத் தொடங்கிய பெருமக்கள் மிதவாதிகள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ் 1914-ல் காங்கிரஸ் தலைவரானவர், வெடிகுண்டு அரசியலுக்கு வெகுதூரம். ஆகவே 1911 திட்டமிட்ட அரசியல் கிளர்ச்சி அல்ல. அரசியல் அர்த்தத்தை அதற்கு ஏற்றியவர்கள் வெளியே நின்ற கூட்டத்தினர். அவர்கள் அன்றே ஏற்றினார்கள் என்பதற்கு அக்காலப் பத்திரிகைகள் சாட்சி. வங்காள முஸ்லிம்களின் பத்திரிகையும் அந்த வெற்றியைத் தன் வெற்றியாகவே கொண்டாடியது. பிற்கால வகுப்புப் பூசல்களை அறிந்த நமக்கு அது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தி அல்ல.

நினைவு எதைத் தக்கவைக்கிறது என்று பார்ப்பதுபோல, எதை விட்டுவிடுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் அணியை இந்தியர் அணி போட்டியில் வென்றது 1911-ல் முதன்முறை நடந்ததல்ல. 1892-ல் டிரேட்ஸ் கோப்பை ஆட்டத்தில் ஷோபாபஜார் கிளப், ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவைத் தோற்கடித்தது. வங்காளக் கால்பந்தின் தந்தை எனப்படும் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி வளர்த்த கிளப் அது. மோகன் பகான் ஷீல்டு வெல்வதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சாதனை இன்று ஆய்வு நூல்களில் ஒரு வரியாக இருக்கிறது. கொண்டாட நாள் இல்லை, சொல்ல ஆள் இல்லை. காரணம், சொல்வதற்கு ஒரு கூட்டத்தை ஷோபாபஜார் விட்டுச்செல்லவில்லை. நிகழ்ச்சியின் பெருமை அதை வாழவைப்பதில்லை. அடுத்த சனிக்கிழமை அதே சட்டையைப் பார்க்கத் திரும்பி வருகிறவர்கள்தான் வாழவைக்கிறார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-லேயே, நினைவு என்பது தனிமனித மண்டைக்குள் இருப்பதல்ல, ஒரு குழுவின் சட்டகத்துக்குள் இருப்பது என்று வாதிட்டார். குழு கலைந்தால் நினைவும் கலையும். ஷோபாபஜாரின் கதி அதற்கு நேரடிச் சான்று.

பார்க்காததை எப்படி நினைவு என்று சொல்லலாம் என்ற மறுப்பு இங்கே எழும். இந்த மறுப்புக்கு ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைவிட நல்ல பதில் இல்லை. 1920 ஜூலையில் மோகன் பகானுடன் நடந்த ஓர் ஆட்டத்துக்கு ஜோராபகான் கிளப், கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸை அணியிலிருந்து நீக்கியது. அதன் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி எதிர்த்துக் கேட்டும் பலனில்லாமல் வெளியேறினார். ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. 1930-ல் சட்டமறுப்பு இயக்கத்தின்போது லீக் பாதியில் நிற்க, மேல்பிரிவுக்கு ஏற வேண்டிய அணிக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதாகவும், ரசிகர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனதாகவும், அந்தத் தீப்பந்தமே கிளப்பின் சின்னமானதாகவும் சொல்வார்கள். இந்தக் கதைகளை இன்றளவும் கண் கலங்கச் சொல்லும் குடும்பங்களில் பெரும்பாலானவை 1920-ல் கல்கத்தாவிலேயே இல்லை. 1947-ன் பிரிவினையில் டாக்காவையும் பரிசாலையும் ஃபரித்பூரையும் விட்டு அகதிகளாக வந்தவர்கள் அவர்கள். தாங்கள் வருவதற்கு முந்தைய ஒரு கிளப்பின் பிறப்பை ஏன் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்? வெளியூர்க்காரன் என்று ஒருவனை வெளியே தள்ளினார்கள், அவன் தனக்கென்று ஓரிடம் கட்டிக்கொண்டான் என்ற அந்தத் தொடக்கக் கதை, அவர்களுக்கு ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து நேர்ந்ததற்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று ஷீல்டு வென்று அந்தப் பொருத்தத்துக்குக் கிளப் உயிர் கொடுத்தது. அந்த வெற்றிகளைத் தந்த முன்வரிசை ஐவர், ‘பஞ்ச பாண்டவர்’ என்று போற்றப்பட்ட வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய எல்லோருமே தென்னிந்தியர்கள். மண்ணை இழந்து வந்தவர்களின் கிளப்பை நிமிர்த்தியவர்கள் அந்த மண்ணில் கால் வைக்காதவர்கள் என்பதை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மறைத்ததில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். இதேபோல 1911-ன் மோகன் பகான் அணியில் கிழக்கு வங்க வேர் கொண்டவர்கள் பலர் இருந்தார்கள் என்று எதிர்த்தரப்புக்கு நினைவூட்டுவதும் அவர்களே. எதிரியின் வாய்மொழி, தன் கதையில் விட்டுப்போனதைத் திருத்திக் கொடுக்கிறது. தனித்து விடப்பட்ட நினைவுதான் புராணமாக இறுகும். பக்கத்திலேயே ஒரு போட்டிக்காரன் இருந்தால் அத்தனை எளிதில் இறுகாது.

கிளாஸ்கோவிலும் இதே உறவைப் பார்க்கலாம். 1887 நவம்பர் 6 அன்று கால்ட்டன் பகுதியின் செயின்ட் மேரி தேவாலயக் கூடத்தில், அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து வந்த பிரதர் வால்ஃப்ரிட் என்ற மரிஸ்ட் துறவியின் முயற்சியில் செல்டிக் தொடங்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு கொடுக்கப் பணம் திரட்டுவது நோக்கம். 1888 மே 28 அன்று முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸை 5-2 என்று வென்றது. செல்டிக் ரசிகர் சொல்லும் கதை இது. எடின்பரோவின் ஹிபர்னியன் ரசிகர் சொல்வது வேறு. 1875-ல் அதே ஐரிஷ் ஏழைகளுக்காகத் தொடங்கிய தங்கள் கிளப் 1887-ல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது, அந்த வெற்றியைப் பார்த்துத்தான் செல்டிக் யோசனையே பிறந்தது, பிறந்த கையோடு தங்கள் வீரர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது, அதனால் தங்கள் கிளப் சில ஆண்டுகள் முடங்கியே போனது என்பார்கள். இரண்டுமே நடந்தவை. மூன்றாவது உண்மை ஒன்றும் உண்டு: பிள்ளைகள் சோற்றுக்காகப் புராட்டஸ்டன்ட் கஞ்சித்தொட்டிகளுக்குப் போய் மதம் மாறிவிடக் கூடாது என்ற கவலையும் வால்ஃப்ரிட்டுக்கு இருந்தது. அவர் 1892-ல் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897-ல் கிளப் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. ஏழைகளுக்குப் போன பணம் வற்றியது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு, சாப்பாட்டுக்குத் தொடங்கிய கிளப் என்ற பேச்சு ரசிகர்களின் வாயில் மட்டுமே இருந்தது. 1994-ல் கிளப் திவாலாகும் நிலைக்கு வந்தபோது, நிர்வாகத்துக்கு எதிராகத் திரண்டவர்கள் கையிலிருந்த நியாயம் அந்தப் பேச்சுதான். நிர்வாகம் மாறியது, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பங்கு வாங்கினார்கள், 1995-ல் கிளப் தன் பெயரிலேயே அறநிதி ஒன்றைத் தொடங்கியது. நிறுவனம் மறந்ததை ரசிகர்கள் மறக்காமல் இருந்ததன் பலன் அது. ரசிகர்களிலேயே ஒரு குழுவினர் தொடக்கக்கால வீரர்களின் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்து, பெயர்ப்பலகை இல்லாதவற்றுக்குக் கல் நட்டு வருகிறார்கள். பழைய ஆவணங்களைப் புரட்டிச் சரிபார்த்துச் செய்யும் வேலை அது. ரசிகர் நினைவுக்கும் ஆய்வுக்கும் பகை என்று நினைப்பவர்கள் இந்தக் குழுவைக் கவனிக்கட்டும்.

கிளப்பின் அதிகாரபூர்வ ஏடு எப்போதும் ரசிகரைவிடச் சரியாக இருக்கும் என்பதும் உண்மையல்ல. கிளாஸ்கோவின் மறுபக்கத்தில் ரேஞ்சர்ஸின் ஐம்பதாண்டு வரலாற்றை ஜான் ஆலன் எழுதி வெளியிட்டபோது, தலைப்பிலேயே 1873 முதல் 1923 வரை என்று போட்டார். கிளப் பல தலைமுறைகளாக அந்த ஆண்டையே பின்பற்றியது. மக்நீல் சகோதரர்களும் நண்பர்களும் உண்மையில் ஆடத் தொடங்கியது 1872-ல் என்று பின்னால் தெளிவாயிற்று.

நினைவு சாட்சியமாகப் பயன்பட்டதற்கு இங்கிலாந்தில் எடுப்பான வழக்குகள் உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் 1878-ல் லங்காஷையர் யார்க்‌ஷையர் ரயில்வேயின் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணி. கடனில் மூழ்கி 1902-ல் பெயர் மாறியது. 2005-ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை விலைக்கு வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. 2010-ல் ஓல்டு டிராஃபோர்டு முழுக்கச் சிவப்பு மறைந்து நியூட்டன் ஹீத்தின் பச்சை, பொன்னிறச் சால்வைகள் நிறைந்தன. மிலான் அணிக்காக ஆட வந்த டேவிட் பெக்காமே ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ரயில்வே தொழிலாளர் அணி எல்லாக் காலத்திலும் பச்சையும் பொன்னிறமும்தான் அணிந்தது என்று சொல்ல முடியாது. பெயர் மாறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் வெள்ளைச் சட்டையில் ஆடியது. ரசிகர்கள் பல நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தது பிழையா? கடன் கிளப்பை முன்பும் கொன்றிருக்கிறது என்ற உண்மையைக் காட்ட அவர்களுக்கு ஒரு நிறம் தேவைப்பட்டது. அந்த நிறம் கிளப்பின் ஆவணத்தில் இருந்தது, புதிதாக உண்டாக்கவில்லை. அதே சமயம், கிளேசர் குடும்பம் அசையவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாட்சியம் இருந்தும் வழக்கு தோற்பதுண்டு.

வென்ற வழக்கு விம்பிள்டனுடையது. 1889-ல் விம்பிள்டன் காமன் பொதுவெளியில், பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் தொடங்கிய கிளப் 1977-ல் லீகுக்குள் நுழைந்து 1988-ல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. 2002 மே 28 அன்று மூவர் குழு ஒன்று, இருவருக்கு ஒருவர் என்ற வாக்கில், கிளப்பை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக உரிமையாளர்களுக்கு அனுமதி தந்தது. ரசிகர்கள் வேறொரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஆள் சேர்க்கும் தேர்வை எங்கே வைத்தார்கள்? 1889-ல் முதல் ஆட்டங்கள் நடந்த அதே விம்பிள்டன் காமனில். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஆங்கிலக் கால்பந்தின் அடிமட்டத்துக்கு அருகிலிருந்த பிரிவில் ஆடிய அந்த அணியைக் காணச் சராசரியாக மூவாயிரம் பேர் கூடினார்கள். ஒன்பது ஆண்டில், 2011-ல், லீகுக்குத் திரும்பினார்கள். 2020-ல் பழைய திடல் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். நம் வாதத்துக்கு இவற்றைவிட முக்கியமானது 2006-ல் எட்டிய உடன்படிக்கை. மில்டன் கீன்ஸுக்குப் போய், சட்டப்படி 1889 கிளப்பின் வாரிசாக இருந்த எம்.கே. டான்ஸ், பழைய கோப்பைகளையும் பட்டங்களின் உரிமையையும் விட்டுக்கொடுத்தது. 2007-ல் அவை விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. தன் வரலாறு 2004-ல்தான் தொடங்குகிறது என்று அந்தக் கிளப் ஏற்றுக்கொண்டது. கால்பந்து உலகம் பட்டாவைவிட அனுபவ பாத்தியதைக்கு மதிப்புக் கொடுத்த அரிய தீர்ப்பு அது. தொடக்கக்காலப் பேச்சு வெறும் மனத்தேறுதல் என்பவர்கள் இந்த ஒப்படைப்புக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

மேலும் இரண்டு மறுப்புகள் மிஞ்சுகின்றன. தொடக்கக்காலப் பெருமையை இப்போது கிளப்பே சில்லறை விற்பனை செய்கிறது; பழைய சட்டை மாதிரி, நூற்றாண்டுப் பதிப்பு, அருங்காட்சியக நுழைவுச்சீட்டு என்று ரசிகரின் நினைவை அவருக்கே விற்கிறது, இதில் எங்கே எதிர்ப்பு என்பது ஒன்று. உண்மைதான். விற்பனைக்கு வரும் வரலாறு எப்போதும் வெற்றி வரலாறு. கடன், நீக்கம், நிறவெறி, பிளவு எதுவும் அந்த அலமாரியில் இராது. கார்டிஃப் சிட்டியின் உரிமையாளர் 2012-ல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கியபோதும், ஹல் சிட்டியின் உரிமையாளர் 1904-லிருந்து வந்த பெயரை மாற்ற முயன்றபோதும் வரலாறு விற்பனைக்குத் தடையாக நின்றது. ரசிகர்கள் போராடி இரண்டையும் மீட்டார்கள். விற்கத் தக்க பழமையைக் கிளப் வைத்துக்கொள்ளும். விற்பனைக்கு இடைஞ்சலான பழமையை ரசிகர் மட்டுமே வைத்துக்கொள்வார்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இந்த நினைவு யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது? 1920 டிசம்பர் 26 அன்று எவர்ட்டனின் குடிசன் பார்க்கில் பிரெஸ்டனின் டிக், கெர் பெண்கள் அணி ஆடியபோது உள்ளே ஐம்பத்து மூவாயிரம் பேர் இருந்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று எஃப்.ஏ. தன் கிளப்புகளின் திடல்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. தடை அரை நூற்றாண்டு நீடித்தது. அத்தனை கூட்டத்தை இழுத்த ஆட்டம் ஆண்கள் கிளப்புகளின் ரசிகர் பேச்சில் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. ஷோபாபஜாருக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது; ஒரு வேறுபாடு, அங்கே கூட்டம் தானாகக் கலைந்தது, இங்கே ஆணை போட்டுக் கலைத்தார்கள். ரசிகர் நினைவைக் குறை சொல்ல இதைவிடச் சரியான இடம் இல்லை. ஆனால் இந்தக் குறை, நினைவைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. அனுபவ பாத்தியதை கோருகிறவர், அந்த நிலத்தில் உழுத மற்றவர்களையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதற்கான காரணம் அது. அவர்களை விட்டுவிட்டுக் கோரினால் கோரிக்கையே பலவீனமாகும்.

கல்கத்தாவில் இந்தக் கேள்வி இப்போதும் உயிரோடு இருக்கிறது. 2020-ல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் எண்பது விழுக்காடு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1889-ன் பெயருக்கு முன்னால் ‘ஏ.டி.கே.’ என்ற மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. அந்த மூன்றெழுத்தை நீக்கு என்று ரசிகர்கள் மூன்றாண்டு விடாமல் கேட்டார்கள். ஆட்டத்தைப் புறக்கணித்தவர்களும் உண்டு. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சூட்டோடு, அந்த மூன்றெழுத்து போகும் என்று உரிமையாளர் அறிவித்தார். விளையாட்டில் தோற்றதால் வந்த முடிவல்ல அது. வென்ற நாளிலேயே வந்தது. 1911-ஐப் பேசிப் பேசியே வளர்ந்த ஒரு கூட்டத்தின் முன்னால், அந்தப் பெயரைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது என்று நிறுவனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்த வெற்றிக்கு உரிய மதிப்பைத் தந்துவிட்டு, 1911-ன் நினைவில் விட்டுப்போன ஒன்றையும் கேட்டாக வேண்டும். வெறுங்காலை அது இத்தனை உயர்த்திவைத்ததில், பூட்ஸ் போட்டு ஆடியவர்களின் சாதனை கண்ணில் படாமல் போயிற்று. 1891-ல் தொடங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீகை வென்றது. அந்த லீகை வென்ற முதல் இந்திய கிளப் அதுதான். 1936-ல் ஷீல்டையும் எடுத்தது. கல்கத்தாவின் ‘மைதான்’ பொதுவெளியின் மழைக்காலச் சேற்றில் வழுக்காமல் இருக்கத் தன் வீரர்களுக்குப் பூட்ஸ் மாட்டிப் பழக்கியது, வங்காளத்துக்கு வெளியிலிருந்தும் ஆட்களைத் தேடிக் கொண்டுவந்தது. வெறுங்கால் பெருமை தொடர்ந்த இந்திய அணியோ 1952-ல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகே பூட்ஸைக் கட்டாயமாக்கிக்கொண்டது. முகமதனின் ஐந்து லீகுகள் வகுப்புவாத அரசியல் சூடேறிய காலத்தில் வந்ததால், தேசிய வெற்றி என்ற வரிசையில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு சமூகத்தின் வெற்றி என்று தனியே ஒதுக்கினார்கள். 2024-ல் அந்தக் கிளப்பும் ஐ-லீகை வென்று ஐ.எஸ்.எல்.-க்குள் வந்து, மைதானின் மூன்று பழைய பெயர்களும் ஒரே போட்டியில் எதிரெதிரே நின்றன. மோகன் பகான் ரசிகர் 1911-ன் பதினொருவரை ஒப்பிக்கும் அதே சரளத்தோடு 1934-ன் அணியை ஒப்பிக்கும் முகமதன் ரசிகருக்கு இனிக் காது கொடுக்க வேண்டியிருக்கும். ஈஸ்ட் பெங்கால் ரசிகர் முன்பே செய்ததுபோல, அவரும் 1911 கதையில் விட்டுப்போனதை எடுத்துச் சொல்வார்.